அரைக்கால் என்றால் என்ன தாத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. அப்படிப்பட்டவன் கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆறாவது படிக்கும் பேத்தி பட்டறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 3/8, 1/2, 5/16, 3/4, 1/4 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுத வேண்டும். 1/2, 1/4, 3/4, 3/8, 5/16 என்று எழுதி வைத்திருந்தாள். கீழே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கிவிட்டாள். "ஏம்மா, காலைவிட அரைக்கால் பெருசா?" என்று கேட்டேன். "அரைக்கால்னா என்ன தாத்தா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காலில் பாதி அரைக்கால். 1/8 என்று தாளில் பார்த்தால் எட்டு கண்ணை உறுத்தும். அரைக்கால் என்று வாயால் சொன்னால் காலைவிடச் சின்னது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். மாகாணியும் அப்படித்தான். மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16, அதாவது மாகாணி. என் தாத்தா எண்சுவடியை, அதாவது அந்தக் காலத்து வாய்பாட்டை, முந்திரியிலிருந்து, அதாவது 1/320-லிருந்து பிடித்து ஏறுவரிசையிலேயே ஒப்பிப்பார். பாடப்புத்தகத்தில் பின்னத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்களையும் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

டேப்பை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். எங்கள் தொழிலில் இஞ்சுக்கு எட்டு நூல். கம்பி கட்டுகிறவர்கள்கூட 10 மில்லிமீட்டர் கம்பியை மூணு நூல் கம்பி என்றுதான் கேட்டு வாங்குவார்கள். "கால் இஞ்சுக்கு எத்தனை நூல்?" "ரெண்டு." "3/8?" "மூணு." 5/16-க்கு மட்டும் டேப்பில் குனிந்து சின்னக் கோடுகளை விரல் நகத்தால் எண்ணி, "ரெண்டரை" என்றாள். அரைக்கு நாலு, முக்காலுக்கு ஆறு. நான் சொல்லும் முன்பே ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 1/4, 5/16, 3/8, 1/2, 3/4 என்று எழுதிவிட்டாள்.

மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துப் பகுதிகளைச் சமமாக்க வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியும். எதற்காகச் சமமாக்குகிறோம் என்பதுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் நூலாக மாற்றியதும் அதே வேலைதான் நடந்தது. வகுப்புக்கு ஒரு டேப் வாங்கி மாட்டினால் போதும், பெரிய செலவில்லை.

பிறகு அவள் என்னை மடக்கினாள். "சரி தாத்தா, 1/3 பெருசா, 3/8 பெருசா?" இஞ்சில் மூன்றில் ஒன்றுக்கு டேப்பில் கோடு கிடையாது. கொஞ்சம் விழித்தேன். அப்புறம் இஞ்சை விட்டுவிட்டு அடிக்குத் தாவினேன். அடிக்குப் பன்னிரண்டு இஞ்ச். அதில் மூன்றில் ஒன்று நாலு இஞ்ச், எட்டில் மூன்று நாலரை இஞ்ச். "3/8தான் பெருசு" என்று நிமிர்ந்தால், அவள் ஏற்கெனவே குறுக்கே பெருக்கி 8, 9 என்று நோட்டில் எழுதிவிட்டு, எனக்காகக் காத்திருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு தச்சுப் பட்டறைக்காரர்,
கும்பகோணம்.