அம்புக்குறிக்கு நடுவில் என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்விப் பக்கத்தில் பிளஸ் டூ வேதியியலுக்கு வந்த குறிப்புகளைப் படித்தேன். இந்தச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தால் போதும், மதிப்பெண் வந்துவிடும் என்று ஒரு முழுப் பக்கம். பரீட்சைக்கு முந்தின வாரம் போட்டிருந்தால் நானும் வெட்டி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்திருப்பேன். பள்ளி திறந்த கையோடு போட்டிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

நான் குலசேகரம் பக்கம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவன். வருகிற பிள்ளைகள் சமன்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அம்புக்குறிக்கு இடது பக்கம் இருந்தது எப்படி வலது பக்கத்தில் இருப்பதாக மாறியது என்று கேட்டால், "சார், அது கேள்வில வராது" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், நாம் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்.

உங்கள் பட்டியலில் இருக்கிற சோப்பையே எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயில் வீட்டிலேயே சோப்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் பிள்ளைகளுக்கும் புதிதல்ல. ஒரு எண்ணெய் மூலக்கூறும் மூன்று சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் மூன்று சோப்பு, ஒரு கிளிசரால். புத்தகத்தில் ஒரே வரி. அந்த வரியை அப்படியே நம்பினால் நாலும் ஒரே நொடியில், ஒரே இடத்தில், சரியான கோணத்தில் வந்து மோத வேண்டும். மூன்று துகள்கள் ஒன்றாக மோதுவதே அபூர்வம், நாலுக்கு எங்கே போவது?

நடப்பது வேறு. ஹைட்ராக்சைடு அயனியிடம் கொடுப்பதற்கு ஒரு எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. எண்ணெய் ஒரு எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த பொருள். எஸ்டரில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பனுக்கு எலக்ட்ரான் கொஞ்சம் பற்றாக்குறை, பக்கத்து ஆக்சிஜன்கள் தங்கள் பக்கம் இழுத்து வைத்திருப்பதால். ஹைட்ராக்சைடு அந்தக் கார்பனில் வந்து ஒட்டுகிறது. கார்பனுக்கு நாலு பிணைப்புக்கு மேல் இடமில்லை, அதனால் இரட்டைப் பிணைப்பில் இருந்த ஒரு ஜோடி ஆக்சிஜன் மேல் ஏறிக்கொள்கிறது. இப்படி உண்டாகிற நான்முகி வடிவ இடைநிலைப் பொருள் ரொம்ப நேரம் நிற்காது. ஏறிய ஜோடி திரும்ப இறங்கி இரட்டைப் பிணைப்பு ஆகும்போது யாராவது ஒருவர் வெளியே போயாக வேண்டும். வந்த ஹைட்ராக்சைடே போய்விட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். கிளிசரால் பக்கத்து ஆக்சிஜன் போனால் கொழுப்பு அமிலம் தனியாகிவிட்டது. அமிலத்தைக் காரத்துக்கு நடுவில் விட்டால் சும்மா இருக்குமா, உடனே புரோட்டானை இழந்து சோப்பு ஆகிவிடுகிறது. நடைமுறையில் இந்தக் கடைசிப் படியில் வினை பின்னுக்குத் திரும்புவதில்லை. எண்ணெய் மூலக்கூறு ஒன்றில் மூன்று எஸ்டர் பிணைப்பு, அதனால் இதே கதை மூன்று தடவை, ஒன்று முடிந்து அடுத்தது.

எஸ்டரை அமிலத்தில் நீராற்பகுத்தால், அதாவது தண்ணீரால் உடைத்தால், வினை பாதியில் சமநிலையில் நின்றுவிடும், காரத்தில் செய்தால் கடைசி வரை போகும். ஏன் என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது, மனப்பாடப் பட்டியலில் இல்லை. சோப்பு போடுகிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், முதலில் எவ்வளவு கிண்டினாலும் அசையாத கலவை கொஞ்ச நேரம் கழித்து திடீரென்று வேகம் பிடிக்கும். எண்ணெயும் காரக் கரைசலும் ஒட்டாமல் நிற்பதால் ஆரம்பத்தில் மந்தம், அப்புறம் உண்டான கொஞ்சம் சோப்பே எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலக்க வைப்பதால் வேகம். இதையும் அந்த ஒரு வரிச் சமன்பாடு சொல்லாது.

சரி, எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதை யார் பார்த்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. 1934ல் போலான்யி, சாபோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் நிறை கூடிய ஆக்சிஜன், அதாவது ஆக்சிஜன்-18 சேர்ந்த தண்ணீரில் அமைல் அசிட்டேட் என்ற எஸ்டரைக் காரம் சேர்த்து உடைத்தார்கள். கிடைத்த ஆல்கஹாலில் அந்த ஆக்சிஜன் இல்லை. அப்படியானால் ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனோடுதான் பிரிந்திருக்கிறது, உடைந்தது அமிலப் பக்கத்துக் கார்பனுக்கும் அந்த ஆக்சிஜனுக்கும் நடுவில் இருந்த பிணைப்பு. யாரும் கண்ணால் பார்க்கவில்லை, துப்பு வைத்துக் கண்டுபிடித்தார்கள். துப்பு தப்பாகவும் போகும். ஹைட்ரஜனும் அயோடினும் சேர்வது ஒரே மோதலில் முடிகிற வினை என்று 1890களில் போடன்ஸ்டைன் என்ற வேதியியலாளர் அளந்த கணக்கை வைத்துப் பல்லாண்டு பாடம் நடத்தினார்கள். 1967ல் சல்லிவன் என்ற ஆய்வாளர் ஒளி பாய்ச்சிச் செய்த சோதனைதான் நடுவில் அயோடின் அணுக்கள் இருப்பதைக் காட்டியது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இது, புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடையாது.

ரப்பர் பாலுக்கு வருகிறேன். ஷீட் அடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் உறையும் என்று தெரியும், அமோனியா கூடுதலாக விட்ட பாலுக்கு ஆசிட்டும் கூடுதலாக வேண்டும் என்றும் தெரியும். ஏன்? பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதம் இருக்கிறது, அதில் எதிர்மின்சுமை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. ஆசிட் தருகிற புரோட்டான் அந்தச் சுமையை அணைத்தால்தான் துகள்கள் நெருங்கி ஒட்டும். ஆனால் அமோனியா அந்தப் புரதத்தின் எதிர்மின்சுமையைவிட வலுவான காரம், புரோட்டானை முதலில் அது பிடித்துக்கொள்ளும், மீதி இருந்தால்தான் ரப்பர் துகளுக்கு. எது முதலில், எது பிறகு என்ற வரிசை தெரிந்தால் ஆசிட் கணக்கு தானாக வந்துவிடும். வீட்டில் கையால் செய்கிற வேலையை அந்தப் பிள்ளைகள் வேதியியல் என்று நினைப்பதே இல்லை. அது அவர்கள் தப்பு இல்லை.

"வினைவகை, மூலக்கூறு எண் வேறுபடுத்துக" என்ற கேள்வியையும் விட முடியாது. வினைவகை என்பது வேக விதியில், அதாவது வேகம் எந்தப் பொருளின் செறிவைப் பொறுத்தது என்று சொல்லும் சூத்திரத்தில், வரும் அடுக்குகளின் கூட்டல். மூலக்கூறு எண் என்பது ஒரு படியில் மோதுகிற துகள்களின் எண்ணிக்கை. வருடா வருடம் அட்டவணை போட்டு எழுதுகிறார்கள். அயோடைடு வினையூக்கியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதை இரண்டு படியாகக் காட்டினால் அட்டவணையே வேண்டாம். முதல் படியில் அயோடைடு அயனி ஒரு பெராக்சைடோடு வினைபுரிந்து தண்ணீரையும் ஹைப்போஅயோடைட்டையும் தருகிறது, இது மெதுவான படி. இரண்டாவதில் அந்த ஹைப்போஅயோடைட் இன்னொரு பெராக்சைடோடு சேர்ந்து தண்ணீர், ஆக்சிஜன், பழைய அயோடைடு மூன்றையும் தருகிறது, இது வேகமான படி. மொத்தச் சமன்பாட்டில் இரண்டு பெராக்சைடு இருக்கிறது, அயோடைடு இல்லவே இல்லை. வேக விதியிலோ ஒரு பெராக்சைடும் ஒரு அயோடைடும். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை நெரிசலில் ஊர்கிற இடம்தானே முடிவு செய்கிறது, நடுவில் காலியான ரோட்டில் எவ்வளவு பறந்தாலும். இங்கே அந்த நெரிசல் முதல் படி.

இதற்கெல்லாம் வகுப்பில் நேரம் ஏது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு நேரம் மிச்சமாகத்தான் ஆகிறது. எலக்ட்ரான் ஜோடியோடு வருகிற ஒன்று பற்றாக்குறையுள்ள கார்பனில் ஒட்டுகிறது என்ற ஒரே படி தெரிந்தால் எஸ்டர், அமைடு, அமிலக் குளோரைடு மூன்றின் நீராற்பகுப்பையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆல்டிஹைடோடு சயனைடு சேர்வதும் அதே போலத்தான் தொடங்குகிறது, வெளியே போக ஆள் இல்லாததால் அங்கே சேர்ந்தபடியே நிற்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரே ஒரு வினை போடுங்கள், படிப்படியாக, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறியோடு. அந்த அம்புக்குறிக்கு நூறு வயது தாண்டிவிட்டது, கெர்மாக், ராபின்சன் என்ற வேதியியலாளர்கள் 1922ல் எழுதிய கட்டுரையில் வந்தது. (கெர்மாக் இரண்டே வருடத்தில் ஆய்வகத்தில் எரிகாரம் கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தார். சோப்பு வினையைப் போடும்போது, வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.)

படம் வரைகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அம்புக்குறியின் வால் எலக்ட்ரான் ஜோடியில் இருக்க வேண்டும், தலை அது போய்ச் சேருகிற இடத்தில். போன வாரப் படத்தில் புரோட்டானில் இருந்து கிளம்பியிருந்தது, அதனிடம் கொடுக்க எலக்ட்ரானே கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்