போதைத் தடுப்பு முகாம்: எது வெற்றி?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்கள் அனைவரும் உறுதிமொழி ஏற்றதால் போதைத் தடுப்பு முகாம் முழு வெற்றி பெற்றது என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். ஏற்க மாட்டேன் என்று வரிசையிலிருந்து விலகி நின்ற மாணவன் எவனையாவது தங்கள் நிருபர் பார்த்ததுண்டா?

தொண்டு நிறுவனம் ஒன்றில் இப்படிப்பட்ட வெற்றிக் கணக்கை எழுதிக்கொடுத்தவன் நான். முகாம் முடிந்த கையோடு மாணவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுப்போம். போதைப்பொருள் தீங்கானதா? ஆசிரியர் அருகில் நிற்கும்போது பையன் வேறென்ன எழுதுவான்? அதைக் கூட்டிப் போட்டு, ‘மனமாற்றம்’ என்று தலைப்பிட்டு, நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்புவோம். சில மாதம் கழித்து அதே பிள்ளைகளைப் போய்ப் பார்க்கலாமே என்றேன். அதற்கு நிதி இல்லையாம். பேனர் அடிக்க இருந்தது. அரசுக்கு நாங்கள் அனுப்பிய படிவமும் லேசுப்பட்டதல்ல: எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை துண்டறிக்கை. பயனுக்கு அதில் கட்டமே கிடையாது.

போதையிலிருந்து மீண்ட இளைஞரை மேடைக்கு மேடை அழவைத்துக் கைதட்டு வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். பிறகு அவர் என்ன ஆனார் என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1983-இல் தொடங்கிய ‘டேர்’ (D.A.R.E.) என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டம் தாங்கள் அறியாததல்ல. காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் கொண்டாடினார்கள். அதில் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் 1990-களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பாடத்திட்டத்தையே பின்னர் மாற்றினார்கள். வெறுமனே தகவல் சொல்வதாலும் பயமுறுத்துவதாலும் பயனில்லை, பெற்றோருக்கான பயிற்சி, வாழ்க்கைத் திறன் வகுப்புகள் போன்றவற்றுக்கே சான்று இருக்கிறது என்று ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளும் சொல்கின்றன. தாங்கள் படித்திருப்பீர்கள். ஆனாலும் உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் தங்கள் பக்கத்தில் அதே மண்டையோட்டுப் படம்தான்.

இதையெல்லாம் முன்பே ஒருமுறை எழுதினேன். நான்கு வரியாக வெட்டிப் பாராட்டுக் கடிதமாக வெளியிட்டீர்கள். மிக்க நன்றி.

இப்போது கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை முகாம் நடத்தியவர் தரும் குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பும் முன், முகாம் நடந்த பள்ளியையும் நடக்காத பள்ளியையும் ஓராண்டு கழித்து யாராவது ஒப்பிட்டார்களா, ஒப்பிட்டவர் முகாம் நடத்தியவரிடமே சம்பளம் வாங்குபவரா என்று விசாரியுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்றே அச்சிடுங்கள். ஒரு வரி போதும். சிறப்பு விருந்தினரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்