அந்தக் கழிவுப் பட்டியலை நிறுத்தி வையுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மழையில் நம் நூலகத்தின் பின்னறை ஒழுகியதும், அங்கிருந்த பழைய பைண்டு தொகுதிகள் நனைந்ததும் தங்களுக்குத் தெரியும். அவற்றைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து எடைக்குப் போடப் போகிறார்கள் என்று போன வாரம் அறிந்தேன். தயவுசெய்து அந்தப் பட்டியலை நிறுத்தி வையுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தொகுதியையும் பிரித்துப் பார்க்கும் வரையாவது.

அவற்றில் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். சுதந்திரத்துக்கு முன் நம் ஊர் அச்சகத்தில் அச்சான மாத இதழ். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டதில் அட்டை வளைந்து, நடுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. யாரோ பிரிக்கப் பார்த்த இடத்தில் தாள் கிழிந்து, எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போயிருக்கிறது. மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. எப்போதோ கிழிசலுக்கு ஒட்டிய செலோ டேப் பழுப்பேறி, பசை கசிந்து, அடியில் இருந்த வரிகளை மறைத்துவிட்டது. பைண்டிங் செய்தபோது ஓரத்தைச் சமமாக வெட்டியதில் வலப்பக்கங்களில் வரிகளின் கடைசி எழுத்துகள் இல்லை. அதில் ஒரு கவிதை. வரித் தொடக்கத்து எதுகை நிற்கிறது, வரி முடிவில் ஒலிக்கும் இயைபு போய்விட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதியது. வேறெங்கே போய்த் தேடுவது?

அந்தக் காலத்து மரக்கூழ்த் தாளை, அதற்குள் இருக்கும் அமிலமே வருடக்கணக்கில் அரித்து நொறுங்க வைக்கும். அப்படிப்பட்ட தாள் நனைந்தால் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சு தாள் வைத்து உலர்த்தினால் பூஞ்சை பிடிக்காமல் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆள் போதாதென்றால் உறைய வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். இங்கே இரண்டும் நடக்கவில்லை.

நூலகத்தில் கேட்டதற்கு, "இதெல்லாம் சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் இருக்கும்" என்றார்கள். நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கன்னிமாராவுக்குப் போக வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் சிற்றூர்களில் அச்சான இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் அங்கே இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்தவற்றைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. அவர் சொந்தக் காசில் செய்தார். நாங்களோ சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். சென்னையிலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழும்பியது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஒழுகும் கூரையைப் பூச ஒவ்வொரு மழைக்கும் மனு எழுத வேண்டியிருக்கிறது. நூலகர் பணியிடம் காலியானால் நிரப்ப ஆளில்லை. இருக்கிற ஊழியருக்கோ பழைய தாளை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பட்டியலை நிறுத்தி வையுங்கள். தொகுதி வாரியாகத் தலைப்பு, ஆண்டு, சேதத்தின் அளவு எல்லாவற்றையும் எழுதித் தர வாசகர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். ஒழுகாத ஓர் அறை, இரண்டு மின்விசிறி, தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி, இவை போதும். வேறு நூலகத்தில் நல்ல பிரதி இருப்பது உறுதியானால் அந்தத் தொகுதியைத் தாராளமாகக் கழித்துவிடுங்கள். இல்லாதவற்றை ஸ்கேன் செய்யவும், பழுது பார்க்கவும் அதில் பயிற்சி உள்ளவர்களிடம் அனுப்ப வேண்டுகிறோம். இனி செலோ டேப்பும் ஓரம் வெட்டுவதும் வேண்டாம் என்று எல்லாக் கிளை நூலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நன்றாக இருக்கும்.

அதுவரை அந்தப் பட்டியலில் தாங்கள் கையெழுத்திட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்