விளக்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறு

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் பயிற்சி வகுப்பு எடுக்கிறாய். நீ பேசும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஏதாவது கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "இன்னும் மெதுவா, இன்னும் எளிமையா விளக்கணும்போலப்பா" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் போதாமல் மௌனமான வகுப்புகளைவிட, விளக்கம் மிஞ்சிப்போய் மௌனமான வகுப்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீ இருக்கும் பெல்ஜியத்து லூவன் நகரிலேயே நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். ஜோசப் ஜாகோட்டோ என்று ஒரு பிரெஞ்சு ஆசிரியர். பிரான்சில் மன்னராட்சி திரும்பியதும் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1818-இல் பிரெஞ்சு இலக்கியம் கற்பிக்க லூவனுக்கு வந்தார். (பெல்ஜியம் என்ற நாடே அப்போது கிடையாது, அந்தப் பகுதி நெதர்லாந்து மன்னரிடம் இருந்தது.) அவரிடம் படிக்க வந்தவர்களில் பலருக்குப் பிரெஞ்சு வராது. அவருக்கோ அவர்களுடைய ஃபிளெமிஷ் மொழி ஒரு வார்த்தை தெரியாது. எப்படிப் பாடம் நடத்துவது?

ஃபெனலோன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிய தெலமாக் கதையின் இருமொழிப் பதிப்பு அந்தச் சமயம் பிரஸ்ஸல்ஸில் வந்திருந்தது. அதை அவர்கள் கையில் கொடுத்து, மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரெஞ்சைப் படியுங்கள், படித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள் என்று இன்னொருவர் மூலம் சொல்லியனுப்பினார். அப்புறம், படித்ததைப் பற்றித் தோன்றுவதைப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். தப்பும் தவறுமாக வரும் என்றுதான் காத்திருந்தார். வந்த கட்டுரைகள் அவரையே அசத்திவிட்டன. இலக்கணத்தில் ஒரு விதியைக்கூட அவர் விளக்கியிருக்கவில்லை.

மறந்துபோன இந்த ஜாகோட்டோவை 1987-இல் திரும்பக் கொண்டுவந்தவர் தத்துவவாதி ஜாக் ரான்சியேர். விளக்கிக்கொண்டே இருக்கும் ஆசிரியர் பாடத்தோடு சேர்த்து வேறொன்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார் என்பது அவர் வாதம்: "நான் இல்லாமல் உனக்குப் புரியாது." வருடக்கணக்கில் இதைக் கேட்கிற பிள்ளை அதை நம்பிவிடுகிறது. அதனால், படித்து முடித்தபின் எல்லோரும் சமமாவார்கள் என்று காத்திருக்காதே, அறிவில் எல்லோரும் சமம் என்று வைத்துக்கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கு என்கிறார்.

பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் இதற்கு முன்பே பள்ளிக்கூடத்தின் பாரபட்சத்தைத் தோலுரித்திருந்தார். வீட்டிலிருந்து வரும் பேச்சையும் பழக்கத்தையும் பள்ளி திறமை என்று எண்ணி மதிப்பெண் போடுகிறது என்று காட்டினார். அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால், "இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்ற இடத்துக்கு வந்துவிடுவோம். நல்ல மனதோடு, அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆசிரியர் அறையில் அந்த வாக்கியத்தைக் காது புளிக்கக் கேட்டவன் நான். அதனால்தான் ரான்சியேர் பக்கம் சாய்கிறேன்.

அதற்காக ஆசிரியர் ஒதுங்கி நிற்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட், கல்வியைப் பற்றி எழுதும்போது, ஆசிரியரின் அதிகாரம் உலகத்துக்குப் பொறுப்பேற்பதிலிருந்து வருகிறது என்கிறார். புதிதாக வந்த பிள்ளையிடம் "இதுதான் நம் உலகம்" என்று காட்ட ஒருவர் வேண்டும். ஜாகோட்டோ விளக்கவில்லை, சரி. ஆனால் எந்தப் புத்தகம் என்று தேர்ந்தெடுத்தது அவர்தானே! விடாமல் படிக்கச் சொன்னதும் அவர்தான்.

எனவே அடுத்த வகுப்பில் சூத்திரத்தை எழுதாதே. ஒரு வரைபடத்தை மட்டும் திரையில் போடு. ஜாகோட்டோ வழியில் மூன்று கேள்வி: என்ன பார்க்கிறாய்? அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்? அதை வைத்து என்ன செய்வாய்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அரை நிமிடம் தாண்டியதும் உன் நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள். "இந்தப் பக்கம் மட்டும் புள்ளிகள் குறைவா இருக்கு" என்று யாராவது சொன்னால், சரி, தப்பு என்று சொல்லாமல், படத்தில் எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவது புள்ளியியலுக்காக மட்டும் இல்லை. வகுப்பில் வாய் திறக்காமல் பழகியவர்கள்தான் பிற்பாடு "நமக்கென்ன தெரியும், பெரியவங்க பார்த்துப்பாங்க" என்று ஊர் விஷயத்திலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆளுவதற்குத் தனித் தகுதி எதுவும் இல்லாதவர்களின் ஆட்சிதான் ஜனநாயகம் என்கிறார் ரான்சியேர். ஏதென்ஸில் ஐநூறு பேர் கொண்ட மன்றத்தைக் குலுக்கல் போட்டே நிரப்பியதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நம் உத்திரமேரூர்க் குடவோலை உனக்கு நினைவு வரும். ஆனால் அங்கே நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு எல்லாம் பார்த்துச் சலித்த பிறகுதான் பெயர் பானைக்குள் போனது. அப்படிச் சலித்தெடுப்பதைத்தான் ரான்சியேர் ஏற்க மாட்டார்.

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் மக்கள் 2019-இல் குலுக்கல் முறையை நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கிவிட்டார்கள். குலுக்கலில் வரும் சாதாரண மக்களின் அவை கூடி விவாதித்துப் பரிந்துரை சொல்லும், அவர்களுடைய நாடாளுமன்றம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதினாறு வயது ஆனாலே பெயர் வரலாம். முதல் அவை எடுத்துக்கொண்ட விஷயம், நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிப்பது. எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

அது ஓய்பன் நகரில்தான். லூவனிலிருந்து நேர் ரயில் உண்டு. விடுமுறையில் ஒருநாள் போய், அவையில் உட்கார்ந்தவர் யாராவது கிடைத்தால், முதல் நாள் பேச எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டு எனக்கு எழுது. அதற்கு முன்னால், அந்த வரைபட வகுப்பு எப்படிப் போயிற்று என்று போன் செய்.

அன்புடன்,
அப்பா