"கேட்டுல நிக்கிற வேலையா?"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீதிமன்ற வளாகங்களின் பாதுகாப்பு பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெட்டல் டிடெக்டர், கேமரா, நுழைவுச் சீட்டு என்று எல்லாம் எழுதியிருந்தீர்கள். சரிதான். எங்கள் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆனால் பையில் வைத்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றும் நீதிமன்றத்திலிருந்து வெளியே போகிறது: வழக்குக் கோப்புகளில் உள்ள மக்களின் அந்தரங்க விவரம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் இந்தக் கடிதம்.

தென்மாவட்டம் ஒன்றில், கீழமை நீதிமன்றத்தின் கணினிப் பிரிவில் ஐந்து வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். பதவியின் பெயரில் 'உதவியாளர்' என்று இருக்கும். செய்தது வேறு. எந்த ஊழியர் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், எது இணையத்தில் ஏறலாம், எது ஏறக்கூடாது என்று விதி எழுத வேண்டும். எழுதிய விதி நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கென்றே கணினிப் பாதுகாப்பு நிபுணர்களை வைத்திருக்கிறார்கள். இங்கே பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிப் போட்டுவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் செய்ய வேண்டும். கோர்ட்டில் பாதுகாப்பு வேலை என்று நான் சொன்னதும் என் தாய்மாமா கேட்டது: "கேட்டுல நிக்கிற வேலையா மாப்ளே?"

ஆபத்து என்றால் எல்லோருக்கும் ஹேக்கர்தான் ஞாபகம் வருகிறான். அதுவும் பொய்யில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலையே யாரோ கைப்பற்றி கிரிப்டோ வீடியோ ஓட்டினார்கள். ஆனால் நான் பார்த்த ஆபத்துகள் அவ்வளவு பகட்டானவை அல்ல. பாஸ்வேர்டு எழுதி, கீபோர்டுக்கு அடியில் ஒட்டிய மஞ்சள் துண்டுச் சீட்டு. வக்கீல் குமாஸ்தா நீட்டும் பென் டிரைவ். 'எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுதான் வசதி' என்ற பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு ஒன்றின் உத்தரவு இணையத்தில் ஏறியிருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் தட்டச்சு செய்திருந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் அப்பா. அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, ஊர், எல்லாம் முழுசாக இருந்தன. நூறு வீடு உள்ள ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்? குழந்தையின் பெயரை மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்றுதான் 2012 போக்சோ சட்டம் சொல்கிறது. வழக்கில் உள்ளவர்களின் பெயரை மறைக்க மென்பொருளில் வழி இருக்கிறது. பிடிஎஃப் கோப்புக்குள் இருப்பதை அது படிக்காது. மனுஷன்தான் படிக்க வேண்டும்.

உடனே இணையத்திலிருந்து இறக்கச் சொன்னேன். இறக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் பஸ் ஏறிவிட்டார். அவர் போனை எடுத்து, திரும்பி வந்து, அது இறங்குவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. திங்கட்கிழமை, யார் ஏற்றினார்கள் என்று லாகை, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி பதிந்து வைக்கும் குறிப்பைப் பார்த்தேன். பெஞ்ச் கிளார்க் அக்காவின் பெயர் இருந்தது. அவரோ அந்த வெள்ளிக்கிழமை பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போயிருந்தார். கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "நான் லீவு போட்டா கோர்ட்டு நிக்குமா தம்பி? பாஸ்வேர்டைக் கொடுத்துட்டுத்தான் போனேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இன்னொருவருக்குத் தற்காலிகமாகத் தனிக் கணக்கு கொடுக்க ஒரு வாரம் முன்னாலேயே எழுதிக் கேட்டிருந்தேன். அந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கியதோ!

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கலாம், தப்பில்லை. பழனியில் இருந்தவர் பெயரைக் காட்டும் லாகை 180 நாள் வைத்திருந்து என்ன செய்வது?

இணையத்தில் ஒரு தடவை ஏறிய பெயரை இறக்குவது எவ்வளவு பாடு என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், மதுரைக் கிளையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. பாலியல் வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை நீக்கும்படி கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. திறந்த நீதிமன்றம் என்ற கொள்கையும் தனிமனித அந்தரங்கமும் மோதுகிற இடம் இது. இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று எனக்கே முழுத் தெளிவு இல்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் கீழ்க் கோர்ட்டில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றுவதும் அதில் ஒரு பெரிய வேலை. ஏற்றட்டும், வாய்தாவுக்கு வாய்தா மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற சனங்களுக்கு அது எவ்வளவு ஒத்தாசை என்று பார்த்தவன் நான். ஆனால் அந்தக் கட்டுகளுக்குள் விவாகரத்து இருக்கிறது, மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது, தத்துக் கொடுத்த விவரம் இருக்கிறது. ஸ்கேன் செய்ய ஆள் எடுப்பவர்கள், படித்துப் பார்த்து நிறுத்தவும் ஆள் எடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவர் போதும். நிரந்தரப் பணியிடம், ஒப்பந்தம் வேண்டாம். ஒப்பந்தக்காரன், நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியரான சிரஸ்தாரிடம் 'இல்லை' என்று சொல்ல முடியாது. நான் சொல்லிப் பார்த்தவன். அப்படி எடுக்கப்படுபவரின் பணி ஆணையில் இந்த ஒரு அதிகாரமாவது எழுத்தில் இருக்க வேண்டும்: சந்தேகம் வந்தால், யாரையும் கேட்காமல் 24 மணி நேரத்துக்கு ஒரு கோப்பை இறக்கி வைக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் நீதிமன்ற ஒப்பந்த ஊழியர்,
ஒத்தக்கடை, மதுரை.