வேறு இயங்குதளத்தில் இயங்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததிலிருந்து, பழைய கணினி வைத்திருப்போர் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறலாம் என்ற யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. நல்ல யோசனைதான். ஆனால், பலரைத் தயங்கவைப்பது புதிய இயங்குதளத்தைப் பற்றிய அச்சமல்ல. நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருளைக் கைவிட முடியாத நிலைதான். அதை உருவாக்கிய நிறுவனமே மூடப்பட்டிருந்தாலும், அதில் சேமித்த கணக்குகளும் வரைபடங்களும் இன்றும் தேவைப்படுகின்றன. இத்தகையோருக்கு உதவக்கூடியதும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்குவதற்காக 1993-இல் தொடங்கி இன்றுவரை தொடர்வதுமான வைன் என்னும் திட்டம் உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் வருத்தம்.

ஒரு நிரலின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றைக் கணினியின் செயலி (processor) நேரடியாகவே நிறைவேற்றிவிடும்; கோப்பைத் திறக்க, சாளரத்தை வரைய, நினைவகத்தில் இடம் கேட்க மட்டுமே அது இயங்குதளத்தை அழைக்கிறது. அந்த அழைப்புகளுக்கு விண்டோஸ் தரும் பதிலை வைன் தானே எழுதிய நிரல்களின் மூலம் லினக்ஸில் தருகிறது. ஆகவே, விண்டோஸின் நகலோ, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியோ தேவைப்படுவதில்லை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையின் முதல் முழுமைப் பதிப்பான 1.0 வெளிவர 2008 ஜூன் வரை, அதாவது 15 ஆண்டுகள், ஆயின. ஆவணங்களில் எழுதப்படாத நடத்தைகளையும், சில வேளைகளில் விண்டோஸின் பிழைகளையுமே நம்பிப் பல மென்பொருள்கள் எழுதப்பட்டிருப்பதால், அவற்றையும் அப்படியே செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் சோதனை நிரல்களை எழுதி, விண்டோஸ் என்ன பதில் தருகிறது என்று வெளியிலிருந்து கவனித்தே செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை இத்திட்டம் ஏற்பதில்லை. இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

அந்த உழைப்பின் பலனை இன்று காண்கிறோம். இன்றைய 64-பிட் விண்டோஸே இயக்க மறுக்கும் மிகப் பழைய 16-பிட் விண்டோஸ் நிரல்கள் பலவற்றை 64-பிட் லினக்ஸில் வைன் இயக்குகிறது. 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான், வைனை அடித்தளமாகக் கொண்டு ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இயங்குதளத்தின் ஆழத்தில் தமக்கென இயக்கிகளை (drivers) நிறுவும் மென்பொருள்கள் பெரும்பாலும் இன்னும் இயங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால், இப்பணி நிற்கும் சட்ட அடித்தளம் எல்லா நாடுகளிலும் ஒரே அளவு உறுதியாக இல்லை. கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில், ஜாவா என்னும் நிரல்மொழித் தளத்தின் இடைமுகத்தில், அதாவது நிரல்கள் அத்தளத்தை எப்படி அழைக்க வேண்டும் என்று வரையறுக்கும் பகுதியில், சுமார் 11,500 வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது, உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடம்தரும் நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது; எனினும், இடைமுகங்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை அது முடிவுசெய்யாமலேயே விட்டுவிட்டது. ஒரு நிரலின் செயல்பாட்டுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று 2012-இலேயே கூறிய ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் நிலைப்பாடு இதைவிடத் தெளிவானது.

ஓர் இயங்குதளத்தின் நிரலை எழுதியவருக்கு அதன்மீது உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த உரிமை, மற்றவர்கள் அந்த இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருள்களும் அவற்றைக் கொண்டு மக்கள் சேர்த்துவைத்த உழைப்பும் எங்கே இயங்கலாம் என்று தீர்மானிக்கும் அளவுக்கு நீளக் கூடாது. சொந்தமாக எழுதிய நிரலைக் கொண்டு மற்றோர் இயங்குதளத்தின் இடைமுகத்தைச் செயல்படுத்துவது பதிப்புரிமை மீறலாகாது என்பதைச் சட்டங்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் வாதாடிப் பெற வேண்டிய விலக்காக அதை விட்டுவைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்