சைக்கிளில் ஊர் பார்க்கப் போகிறோம்: தரம் 9 பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை தரம் 9 பிள்ளைகளை வரலாற்றுச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். இந்த முறை பஸ் இல்லை, சைக்கிள். தூரமும் இல்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் தொடங்கி யாழ்ப்பாணக் கோட்டையில் முடிப்போம். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து சில பெற்றோர் வந்து என்னோடு கதைத்துவிட்டுப் போனார்கள். தினமும் போய்வருகிற றோட்டில் பிள்ளை புதிதாக எதைப் பார்க்கப் போகிறது, கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ கூட்டிப்போகலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காக மறுமொழி சொல்ல வேண்டும் என்பதால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தி ஒருமுறை பஸ்ஸில் போனோம். ஒரே நாளில் பதினொரு இடம். இறங்கு, வரிசையில் நில், படம் எடு, ஏறு. திங்கட்கிழமை வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது மத்தியானச் சாப்பாட்டையும் பஸ்ஸில் போட்ட பாட்டுகளையும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் பிழை இல்லை. ஒழுங்கு செய்தது நான். அன்றிலிருந்து வேறு வழி தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்தது நான் எதிர்பாராத ஒரு ஊரில்.

2018 ஆகஸ்ட் விடுமுறையில் பாரிஸில் இருக்கும் என் தங்கையிடம் போயிருந்தேன். அங்கிருந்து எல்லோருமாக மூன்று நாள் லிஸ்பனுக்குப் போனோம். போர்த்துக்கலின் தலைநகர். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்த எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் மனம் ஒருமாதிரி ஆகும். எங்கள் அரசை 1619 இல் விழுத்தியவர்களின் ஊர் அது.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான நகரம். ஏழு குன்றுகளின் நகரம் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு மேடு பழக்கமில்லை. கீரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோம், போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான். முதல் நாள் முழுக்க நடந்தோம். பின்னேரம் முழங்கால் தாங்கவில்லை, பார்த்ததும் மனதில் நிற்கவில்லை. பஸ் பெரிய தெருக்களிலேயே போய்வந்தது, ஒழுங்கைகளுக்குள் போக அதற்கு இடமில்லை. இரண்டாம் நாள் தங்கையின் மகள் எங்கள் எல்லோருக்கும் செக்வே சுற்றுலாவுக்குப் பதிவு செய்துவிட்டாள்.

செக்வே பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். காலிரண்டும் வைக்கிற அளவில் ஒரு சிறிய தட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சில்லு, முன்னால் இடுப்புயரத்தில் ஒரு கைபிடி. அமெரிக்கரான டீன் கேமன் உருவாக்கி 2001 டிசம்பரில் அறிமுகம் செய்த வண்டி. ஏறி நின்றால் விழாமல் தானே நிற்கும். உடம்பை முன்னால் சாய்த்தால் போகும். நிமிர்ந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும். பிறேக் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தும்புத்தடியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். தடி எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கை ஓடும், தடி நிமிரும். இந்த வண்டிக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை ஜைரோஸ்கோப் கருவிகள் ஒரு செக்கனில் நூறு தடவை அளவில் பார்த்தபடி இருக்க, மோட்டார் சில்லை அந்தப் பக்கம் ஓட்டுகிறது. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சுற்றுலாவுக்கு முதல் நாள் இதைத் தும்புத்தடியோடு வகுப்பில் செய்து காட்டுவார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது வரலாறு படித்த ஒரு இளம் பெண். உடனே தெருவுக்குக் கூட்டிப்போகவில்லை. ஒரு சதுக்கத்தில் இருபது நிமிடம் பழக்கினாள். ஏறும்போது ஒரு கால் வைத்து, தட்டு மட்டமாகும் வரை பொறுத்து, பிறகுதான் மற்றக் கால். இறங்கும்போது பின்பக்கமாக, ஆனால் இரண்டு காலும் நிலத்தில் பதியும் வரை கைபிடியை விடக்கூடாது. ஒவ்வொருவரும் செய்து காட்டும் வரை அவள் விடவேயில்லை. எனக்கு மூன்று தடவை பிடித்தது. ஐம்பது தாண்டிய வயதில் ஒரு பிள்ளைக்கு முன் மாணவியாக நின்ற அந்த இருபது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். பயத்தோடு நிற்பவருக்கு எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்பதை முப்பது வருடம் படிப்பித்த நான் அன்றைக்குத்தான் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த இடத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு உள்ளூர்த் தம்பதியிடம் அவர்கள் மொழியில் எதையோ சொல்லிக் காலைக் காட்டினாள். சப்பாத்துஷ் என்று காதில் விழுந்தது. சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்கிறாள்! எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. என் அம்மா காலையில் சப்பாத்தைப் போடு என்று கத்துகிற சொல், ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு அந்தப் பக்கமும் அதே சொல். அதற்குப் பிறகு அன்று முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். யன்னலை ஜனேலா என்கிறார்கள். சாவி, அலுமாரி, துவாய், பாண், வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கிற வாங்கு, எல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்த சொற்கள். நான் இவற்றைப் பட்டியலாக எழுதிப்போட்டுப் பல வருடம் படிப்பித்திருக்கிறேன். பட்டியலில் இருந்தது ஒருநாளும் உடம்பில் இப்படிப் பட்டதில்லை.

சுற்றுலா பள்ளத்தில் தொடங்கியது. பைஷா என்கிற கீழ்நகரம், கோடு போட்டது போல நேரான தெருக்கள். 1755 நவம்பர் 1, கத்தோலிக்கர்களின் சகல புனிதர்கள் திருநாள். சனம் கோவில்களில் நிறைந்திருந்த காலையில் பூமி அதிர்ந்தது. பிறகு ஆற்றுவழியாகக் கடல் ஏறியது, நகரம் நாள்கணக்கில் எரிந்தது. கீழ்நகரம் அழிந்து, பிறகு பொம்பால் என்கிற அமைச்சரின் காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி எங்களை மேலே கார்மோ மடாலயத்தடிக்குக் கூட்டிப்போனாள். நிலநடுக்கத்தில் கூரை விழுந்த தேவாலயம் அது. அதன் நடுப்பகுதிக்கு இன்றைக்கும் கூரை இல்லை. கல் வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் கரிச்சுவரைக் கண்ணால் கண்ட எங்கள் தலைமுறைக்கு அந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை.

அப்புறம் அல்ஃபாமா. நிலநடுக்கத்துக்குத் தப்பிய பழைய குடியிருப்பு. எங்கள் ஒழுங்கைகளை ஒரு குன்றின் மேல் சுருட்டி வைத்தது போல இருந்தது. தலைக்கு மேல் கொடியில் உடுப்பு, எங்கிருந்தோ மீன் வாட்டும் மணம், யன்னலில் கையூன்றியபடி ஒரு ஆச்சி. நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடத்தான் போனோம். அந்த வேகத்தில் ஆச்சியின் முகத்தைப் பார்க்கலாம், தலையாட்டலாம், அவரும் தலையாட்டுவார். பஸ்ஸில் போனால் யன்னல் மட்டும்தான் தெரிந்திருக்கும். தெருவெல்லாம் சிறிய சுண்ணக்கற்களைக் கையால் பதித்தது, பலர் நடந்து நடந்து வழுவழுத்துப் போயிருந்தது. இறக்கத்தில் எனக்குக் கால் நடுங்கியது. வழிகாட்டி தன் வண்டியை என் வண்டியோடு ஒட்டிக் கொண்டுவந்து, கீழே பார்க்காதீர்கள், தூரத்தில் பாருங்கள் என்றாள். ட்ராம் தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்கக்கூடாது, நேராகத்தான் வெட்டிக் கடக்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். எங்கள் புகையிரதக் கடவையில் சைக்கிளோடு விழுந்தெழும்பிய எவருக்கும் அந்தப் பாடம் தெரியும்.

கடைசியாகச் செயின்ட் ஜோர்ஜ் கோட்டைப் பக்கத்துக் குன்று. கீழே தேகு ஆறு கடல் போல அகன்று கிடந்தது. அதன் கரையில், மேற்கே பெலேம் இருக்கும் திசையைக் காட்டி, 1497 இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன என்றாள். 1498 இல் கோழிக்கோடு, 1505 இல் இலங்கை, 1619 இல் யாழ்ப்பாணம் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். எந்த ஊர் என்று அவள் கேட்டபோது, அவர்களுடைய பழைய ஏடுகளில் இருக்கிறபடி ஜஃபனபட்டாவ் என்று சொன்னேன். கோவாவைப் படித்திருக்கிறாள், எங்கள் ஊரைப் படித்ததில்லை. உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டாள். படிக்கிறார்கள் என்றேன். புத்தகத்தில் இருந்து மட்டும் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

சரி, இனி எங்கள் சுற்றுலா. எங்களுக்குச் செக்வே தேவையில்லை. தட்டையான ஊர், வீட்டுக்கு வீடு சைக்கிள். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் இந்த ஊரையே சுமந்த வாகனம் அது. உங்களில் பலர் அந்தச் சைக்கிள் பாரில் இருந்துதான் பள்ளிக்கூடம் வந்திருப்பீர்கள்.

காலை ஆறரைக்கு முத்திரைச் சந்தியில், சங்கிலி மன்னன் சிலையடியில் தொடங்குவோம். பக்கத்தில் இருக்கும் புனித யாக்கோபு தேவாலயத்தைப் பிள்ளைகள் எத்தனையோ முறை கடந்து போயிருப்பார்கள். 1621 இல் பிலிப் டி ஒலிவேரா இடிப்பித்த பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இருந்த இடம் அதுதான் என்று சொல்லிக்கொண்டே கடந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னால் யமுனா ஏரி. பெயர்தான் ஏரி, பார்த்தால் ப வடிவத்தில் வெட்டிய கேணி. அதைச் சுற்றி நடக்க வைத்து, வடிவத்தைப் பிள்ளைகளே கொப்பியில் வரைய வேண்டும் என்று வரலாற்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரி மனையையும் வெளியே நின்றே பார்ப்போம். மந்திரி மனை இருக்கும் நிலையில் பிள்ளைகளை உள்ளே விட எனக்கு மனமில்லை. ஒரு கட்டடம் எப்படிப் பழுதாகிறது, யார் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த வாசலில் நின்றே கதைக்கலாம். பிறகு 1734 இல் எழுந்த இன்றைய நல்லூர்க் கோவில் வாசல். அங்கே கும்பிட்டுவிட்டு ஆறுதலாக நகரப் பக்கம் வருவோம்.

நூலகத்தின் முன் அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறோம். 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகிக் கிடந்த இடம். 2003 இல் மறுபடி திறந்தது. அந்தக் கதையை ஆசிரியர்களை விட வீட்டில் இருக்கும் அம்மப்பா, அப்பம்மா நன்றாகச் சொல்வார்கள். முதல் நாள் இரவு தயவுசெய்து அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே வந்து நிற்கட்டும்.

முடிவில் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாகத் திருப்பிக் கட்டியது. பழைய கோவிலின் கல் அதற்குள் இருக்கிறது என்று எங்கள் ஊரில் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். மதிலில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் முருகைக்கல்லில் சிறுசிறு பூப் போன்ற அடையாளம் தெரியும். ஒருகாலம் கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம் அது. ஒவ்வொரு பிள்ளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், அதற்குப் போதிய நேரம் விட்டிருக்கிறோம். பண்ணைக் காற்றில் இருந்து இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு முன் பாடசாலைக்குத் திரும்பிவிடுவோம். உச்சி வெயிலில் ஒருவரையும் ஓடவிட மாட்டோம்.

பாதுகாப்பைப் பற்றித்தான் உங்களுக்கு அதிக யோசனை இருக்கும். எனக்கும் இருக்கிறது. பத்துப் பத்துப் பேராகப் போவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒரு ஆசிரியர். லிஸ்பனில் பார்த்தது போலவே, பழகாமல் ஒருவரும் றோட்டில் இறங்குவதில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை முடிய மைதானத்தில் பயிற்சி இருக்கிறது. விசிலுக்கு நிற்பது, ஒற்றைக் கையால் சைகை காட்டித் திரும்புவது, முன் சைக்கிளில் இருந்து இடைவெளி விட்டு ஓடுவது. விளையாட்டுப் போட்டியில் வைக்கிற மெதுவான சைக்கிள் ஓட்டத்தையும் வைப்போம். கெதியாக ஓட எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், கால் ஊன்றாமல் மெதுவாக ஓடுவதில்தான் சமநிலை தெரியவரும். பயிற்சிக்கு வராத பிள்ளையைச் சனிக்கிழமை கூட்டிப்போக முடியாது. இதில் ஒருவருக்கும் விலக்கு இல்லை, கோபிக்க வேண்டாம்.

கட்டணம் ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கொப்பி, பென்சில், காலைச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து. பிறேக் கட்டையையும் சங்கிலியையும் ஒருமுறை பார்த்துக் காற்றடித்து விடுங்கள். பெண்பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் நீளக் காற்சட்டையோடு வரலாம். இழுப்பு உள்ள பிள்ளைகளின் மருந்தை வகுப்பாசிரியரிடம் சொல்லி ஒப்படையுங்கள். கையொப்பமிட்ட சம்மதத் துண்டு சுற்றுலாவுக்கு முந்திய புதன்கிழமைக்குள் வர வேண்டும்.

வீட்டில் சைக்கிள் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிட வேண்டாம். நேரே என்னிடம் வந்து சொல்லுங்கள், வகுப்பில் தெரியத் தேவையில்லை. பாடசாலையில் மூன்று சைக்கிள் நிற்கின்றன, பிள்ளையின் உயரத்துக்குச் சீற்றைப் பதித்து வைப்போம்.

அன்புடன்,
அதிபர்